கண் ஒப்பரேஷனுக்கு ஆளைக் கூட்டிப் போகிறவருக்கு

வீட்டில் வயதானவருக்குக் கண் மங்கினால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற பொறுப்பு, வேலைவெட்டி குறைந்த ஆளின் தலையில்தான் விழும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். முதலில் அம்மா, பிறகு பெரியப்பா, அப்புறம் பக்கத்து வளவு ஆச்சி. மூவருக்கும் வெண்புரை. அம்மாவோடு போனபோது எந்த வாங்கில் இருப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆச்சியோடு போனபோது மற்றவர்களுக்கு வழி சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். வன்னியில் முதல் தடவை இந்த வேலைக்குப் புறப்படுகிறவருக்காக இதை எழுதுகிறேன்.

வெண்புரை ஒப்பரேஷன், சிக்கல் இல்லாவிட்டால், பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். அந்த நேரம் நாம் கதவுக்கு வெளியே நிற்போம். உள்ளே கை எப்படி ஓடுகிறது என்று பார்க்கவும் முடியாது, பார்த்தாலும் விளங்காது. ஆனால் அதற்கு முன் என்னென்ன கேட்டார்கள், முடிந்த பின் என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பதெல்லாம் நம் முன்னால் நடக்கிற விஷயம். ஒரு கண் கிளினிக் நோயாளியை எப்படிப் பார்க்கிறது என்பதை நான் அதை வைத்தே எடைபோடுகிறேன். ஏசியும் பளிங்குத் தரையும் பிறகு.

முதலில், அது வெண்புரைதானா?

ஊரில் கண்ணில் எது வந்தாலும் "புரை விழுந்திட்டுது" என்று முடித்துவிடுவார்கள். வெள்ளை விழியிலிருந்து கருவிழிப் பக்கமாகச் சதை படர்ந்தால் அது வேறு. வெயிலிலும் தூசியிலும் நிற்கிற கமக்காரர், கடற்றொழிலாளருக்கு அதிகம் வருவது. வெண்புரை கண்ணுக்கு உள்ளே, கண்மணிக்குப் பின்னால் இருக்கிற வில்லை மங்கிப்போவது. இரவில் எதிரே வரும் வாகன வெளிச்சம் சிதறித் தெரியும். பகலிலும் பனிப்புகார் மூடியதுபோல இருக்கும். நிறங்கள் பழுப்படிக்கும். சிலருக்குத் திடீரென்று கண்ணாடி இல்லாமலே பேப்பர் வாசிக்க வரும். பெரியப்பாவுக்கு அப்படித்தான் நடந்தது. "எனக்குக் கண் திரும்ப வந்திட்டுது தம்பி" என்று ஒரு மாதம் பெருமையடித்தார். வில்லை தடித்து, கண் கிட்டப்பார்வைப் பக்கம் சாய்ந்ததால் வந்த பெருமை அது.

புரையைக் கரைக்கிற சொட்டு மருந்து எதுவும் கிடையாது. நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன், தாய்ப்பால் ஒன்றையும் கண்ணில் விடவேண்டாம். புரை போகாது, கிருமிதான் வரும். "நல்லா முத்தட்டும், பிறகு பாப்பம்" என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. அது அந்தக் காலத்துக் கணக்கு. இப்போது அன்றாட வேலைக்குப் பார்வை தடங்கலானாலே செய்யலாம். முற்றவிட்டால் வில்லை இறுகி, எடுப்பது கடினமாகிறது. சில வேளை கண் அழுத்தமும் ஏறி நோவெடுக்கும். கண் திடீரென நொந்து சிவந்தாலோ, ஒரே நாளில் பார்வை போனாலோ கிளினிக் நாள் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே புறப்படுங்கள்.

எங்கே போவது?

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் நான்கிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. அதற்கு மேலே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். கிட்டவுள்ள ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, கண் கிளினிக்குக்குத் துண்டு வாங்கிக்கொண்டு போவதே நேர்வழி. கண் கிளினிக் எந்தெந்தக் கிழமை நடக்கிறது, கண் நிபுணர் இருக்கிறாரா, லீவில் நிற்கிறாரா என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். மல்லாவியிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ முதல் பஸ் பிடித்து வந்து, "இண்டைக்குக் கிளினிக் இல்லை" என்ற பதிலோடு திரும்புகிற கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காசு இருந்தால் தனியார் இடங்கள் இருக்கின்றன. காத்திருப்புக் குறையும், இருக்கை நன்றாக இருக்கும். பராமரிப்பும் அதே அளவுக்குக் கூடும் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனத்தின் உதவியோடு நடக்கும் இலவசக் கண் முகாம்களும் உண்டு. நல்ல காரியம். ஆனால் பெயர் பதிகிறபோதே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒப்பரேஷன் செய்த டொக்டர் விமானம் ஏறிப் போன பிறகு, அடுத்த கிழமை கண்ணைப் பார்க்கப் போவது யார்? ஆள் யார், இடம் எது என்று பதில் வந்தால் பதியுங்கள். "அதெல்லாம் பிறகு பாப்பம்" என்றால் நான் பதியமாட்டேன்.

மருந்துப் பையைக் கவிழ்த்துக் காட்டுங்கள்

முதல் சந்திப்புக்குப் போகிறபோது வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு ஷொப்பிங் பையில் அள்ளிப்போட்டுக் கொண்டுபோங்கள். கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, பழைய கண்ணாடி, பழைய ஸ்கான் எல்லாம் அதற்குள்ளேயே. வயதானவர்கள் வாயால் சொல்வதை நம்பிப் போகாதீர்கள். இது பெரியப்பாவால் நான் படித்த பாடம்.

அவரை ஒரு தனியார் இடத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். அங்கே சீனி, பிரஷர் இருக்கிறதா என்று கேட்டார்கள். வேறு என்ன குளிசை போடுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரியப்பாவும் வாயே திறக்கவில்லை. ஒப்பரேஷன் நடுவில் கண்மணி சுருங்கத் தொடங்கிவிட்டது. அரை மணித்தியால வேலை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இழுத்தது. வெளியே வந்த டொக்டர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "இவர் சலம் போறதுக்குக் குளிசை எடுக்கிறவரோ?" நான் முழுசினேன். பெரியப்பா ஐந்து வருஷமாக எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கத்தில் வீட்டிலேயே ஒருவருக்கும் சொல்லவில்லை.

புறொஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கிற டம்சுலோசின் என்ற குளிசை, கண்மணியைச் சுற்றி இருக்கிற, மணியைச் சுருக்கி விரிக்கிற கருந்திரையைத் தளரவைத்துவிடும். கண் டொக்டர்கள் இதைக் கண்டுபிடித்து எழுதியது 2005 இல்தான். கடைசி நேரத்தில் நிறுத்துவதால் பெரிதாகப் பயனில்லை. முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்ற மருந்தோடும் கருவியோடும் டொக்டர் இறங்குவார். கேட்கவேண்டியது அவர்கள், கேட்கவில்லை. சொல்லவேண்டியது நாங்கள், சொல்லவில்லை. பாதிப் பழி எனக்கு.

இரத்தம் கரைக்கிற குளிசை எடுக்கிறவர்கள் அதையும் காட்டவேண்டும். "ஒப்பரேஷன் எண்டால் இதை நிப்பாட்டவேணும்" என்று அயலில் யாராவது சொன்னால் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவதா, தொடர்வதா என்று டொக்டர் சொல்லட்டும். இழுப்பு, விடாத இருமல், மல்லாக்கப் படுக்க முடியாத இருதய வருத்தம், காது கேளாமை, மருந்து ஒவ்வாமை, எல்லாவற்றையும் இந்த முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். முழிப்பில் அசையாமல் படுத்திருக்கவேண்டிய ஒப்பரேஷன் இது.

வன்னிக்கென்று இன்னொன்று இருக்கிறது: ஷெல் பீஸ். 2009 க்கு முன் போரில் காயப்பட்ட எத்தனையோ பேர் உடம்பில் அந்தக் குண்டுத் துண்டுகளோடுதான் நடமாடுகிறார்கள். எங்கள் ஆச்சிக்குக் கன்னத்தெலும்புக்குக் கிட்ட ஒன்று. "அது பழைய கதை மோனை, அதை ஏன் இப்ப" என்று அவர் தடுக்கப் பார்த்தார். தடுக்க விடாமல் சொன்னேன். சொன்னதும் அந்த டொக்டர் பேனையை வைத்துவிட்டு ஆச்சியின் பக்கம் திரும்பி, எந்த வருஷம், எந்தப் பக்கம், அப்போது கண் சிவந்ததா, எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த இடம் நல்ல இடம் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அடிபட்ட கண்ணில் வில்லையைத் தாங்கும் நுண்ணிய நார்கள் அறுந்திருக்கலாம். பின்னால் விழித்திரை பழுதாகியிருக்கலாம். அப்படியானால் புரையை எடுத்தும் பார்வை முழுதாக வராது. கண்ணுக்குள் இரும்புத் துண்டு கிடந்தால் அது கறளேறி மெல்ல மெல்லக் கண்ணையே கெடுக்கும். உடம்பில் பீஸ் இருக்கிறவர் எம்ஆர்ஐ ஸ்கானுக்குப் போகிறபோதும் இதை மறக்காமல் சொல்லவேண்டும். காந்தம் இரும்பை அசைக்கும்.

இன்றைக்குக் கண்ணுக்குள் வைக்கிற செயற்கை வில்லையும் ஒரு வகையில் போரிலிருந்து வந்ததுதான். இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்த விமானக் கூரையின் அக்ரிலிக் சில்லுகள் கண்ணை அழற்றாமல் கிடந்ததை ஹரோல்ட் ரிட்லி என்ற ஆங்கிலேய டொக்டர் கவனித்தார். அந்த வகைப் பொருளில் வில்லை செய்து 1949 நவம்பரில் லண்டனில் முதன்முதலாக ஒருவருக்கு வைத்தார். அதற்கு முன் புரை எடுத்தவர்களெல்லாம் சோடாப் போத்தல் அடி மாதிரித் தடித்த கண்ணாடியோடு திரிந்தார்கள்.

அளவெடுக்கிற நாள்

ஒப்பரேஷனைப் பற்றியே யோசித்துக்கொண்டு இந்த நாளை ஏனோதானோ என்று விட்டுவிடுவோம். கண்ணின் முன்பின் நீளம் பெரியவர்களுக்குச் சராசரியாக 23 முதல் 24 மில்லிமீற்றர். அதில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் வைக்கப்போகிற வில்லையின் பவர் கிட்டத்தட்ட இரண்டரை, மூன்று பிசகும். ஆகவே ஒரு கண்தான் செய்வதென்றாலும் இரண்டையும் அளக்கிறார்களா, கணக்குப் பொருந்தாவிட்டால் திரும்ப அளக்கிறார்களா என்று பாருங்கள். சீனி வருத்தக்காரருக்கு மணியை விரிக்கிற மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கவேண்டும். புரை தடித்துப் பின்னால் ஒன்றும் தெரியாவிட்டால் ஸ்கான் எடுக்கவேண்டும். கண் அழுத்தத்தையும் பார்க்கவேண்டும். மணி விரிக்கிற மருந்து விட்ட பிறகு சில மணித்தியாலம் கண் கூசும், எழுத்துத் தெரியாது. தொப்பியோ குடையோ கொண்டுபோங்கள்.

வழக்கமாக வைக்கிற வில்லை தூரத்துக்குத்தான் சரிவரும். வாசிக்கவும் தைக்கவும் பிறகு கண்ணாடி வேண்டும். "கண்ணாடியே வேண்டாம் எண்டு சொன்னவங்கள்" என்று பிறகு சண்டை பிடிக்கிறவர்களுக்கு இதை ஒருவரும் முன்பே சொல்லியிருக்கமாட்டார்கள். அம்மாவிடம் ஒரு நேர்ஸ், "வீட்டில என்ன வேலை கூடச் செய்வீங்கள் அம்மா?" என்று கேட்டார். அம்மா தையல் மெஷினைச் சொன்னார். அதைக் குறித்துக்கொண்டு போய் டொக்டரிடம் சொன்னார் அந்தப் பிள்ளை. அரை நிமிடக் கேள்விதான்.

"லேசர் ஒப்பரேஷன்" என்று யாராவது விலை சொன்னால் எது லேசர் என்று கேளுங்கள். சாதாரணமாக மெஷினால் செய்கிற பேக்கோ முறையில் வில்லையை உடைப்பது ஒலி அதிர்வு. வெட்டு மூன்று மில்லிமீற்றருக்குள். கையால் எடுக்கிற முறையில் வெட்டு ஆறேழு மில்லிமீற்றர், அதற்கும் பெரும்பாலும் தையல் இல்லை. நன்றாக முற்றி இறுகிய புரைக்குக் கைமுறை நல்ல தெரிவு. அதைச் சொன்னால் உங்களைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைக்கவேண்டாம்.

ஒப்பரேஷன் நாள்

வெள்ளனத் தலை முழுகவையுங்கள். பிறகு சில நாளைக்கு முடியாது. நெற்றியில் திருநீறு வேண்டாம், கண்ணுக்குப் பக்கத்தில் தூள். முன்பக்கம் பொத்தான் போடுகிற சட்டையாகப் பாருங்கள், தலையால் கழற்றுவது வேண்டாம். சாப்பிடலாமா, சீனிக் குளிசை போடலாமா என்பதை முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் சீனிக் குளிசை போட்டுவிட்டு வாங்கில் மயங்கிச் சரிந்த ஒருவரை நான் தாங்கிப் பிடித்திருக்கிறேன்.

சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். படிவம் தமிழில் இல்லாவிட்டால் தமிழில் விளங்கப்படுத்திய பிறகே கையெழுத்து. டொக்டர் சிங்களத்தில் கதைப்பவரானால், தியேட்டருக்குள் மொழிபெயர்க்க யார் நிற்பார் என்றும் கேளுங்கள். "லைட்டைப் பாருங்கோ, அசையாதேங்கோ" என்பதைப் படுத்திருக்கிற மனுசி விளங்கிக்கொண்டாக வேண்டும்.

உள்ளே போகுமுன் எந்தக் கண் என்று நெற்றியில் அடையாளம் போடுவார்கள். பெயரையும் கண்ணையும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். "எத்தினை தரமடா கேக்கிறாளவை" என்று அம்மாவுக்குச் சலிப்பு. சலிக்கட்டும், விடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008 இல் கொண்டுவந்த சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலே இப்படிக் கேட்கச் சொல்கிறது: ஆள் சரியா, பக்கம் சரியா. கண்ணென்றால் வில்லையின் நம்பரையும் சரிபார்க்கவேண்டும். ஒருவரும் கேட்காமல் நேரே உள்ளே தள்ளிக்கொண்டு போனால்தான் நீங்கள் பதறவேண்டும். அப்புறம் கண்ணுக்குள் பொவிடோன் அயடின் என்ற மண்ணிற மருந்து விடுவார்கள், கொஞ்சம் எரியும். கிருமியைத் தடுக்க இதைவிட மலிவான, நம்பிக்கையான காவல் இல்லை.

திரும்பி வருகிறபோது மோட்டார் சைக்கிள் வேண்டாம். பஸ் என்றால் ஜன்னலோர இருக்கை வேண்டாம், ஏ9 வீதித் தூசி நேரே முகத்தில். முறிகண்டியில் எல்லோரும் இறங்குவார்கள். பிள்ளையாரை இருந்த இடத்திலிருந்தே கும்பிடச் சொல்லுங்கள், குனிந்து தேங்காய் உடைக்கிற வேலையை நீங்கள் செய்யுங்கள். கச்சான் வாங்கிக் கொடுக்கலாம். அடுத்த நாள் காலை கட்டவிழ்த்துப் பார்க்க வரச்சொன்னால் தவறவே கூடாது. தூரத்து ஆட்கள் அந்த இரவு பட்டணத்துக்குக் கிட்ட உறவினர் வீட்டில் தங்குவது நல்லது.

சொட்டு மருந்து

என் கணக்கில் பாதிப் பராமரிப்பு இங்கேதான் இருக்கிறது, அதுவும் நம் கையில். வழக்கமாக இரண்டு போத்தல் தருவார்கள். ஒன்று கிருமிக்கு, மற்றது அழற்சிக்கு. அழற்சி மருந்தை நாலைந்து கிழமைக்கு, கிழமைக்குக் கிழமை குறைத்து விடச் சொல்வார்கள். கண் தெளிந்துவிட்டது என்று பத்தாம் நாளே நிறுத்திவிட்டு, சிவந்த கண்ணோடு திரும்பி வருகிறவர்கள் நிறைய.

ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது. கிருமி மருந்துப் போத்தலுக்கு ஒரு இறப்பர் வளையம், மற்றதற்கு இரண்டு வளையம் போட்டேன். சுவரில் கலண்டருக்குப் பக்கத்தில் ஒரு தாள். விட்ட ஒவ்வொரு தடவையும் கரிக்கட்டியால் ஒரு கோடு. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஆளைப் படுக்கவைத்து, மேலே முகட்டைப் பார்க்கச் சொல்லி, கீழ் இமையை மெல்ல இழுத்து ஒரு துளி. ஒன்று போதும். போத்தல் நுனி இமையிலோ பீலியிலோ முட்டக்கூடாது. கண்ணை மூடவைத்து, மூக்கோரத்தை ஒரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. இதை நேர்ஸ் வாயால் சொன்னால் போதாது. அவர் ஒருதரம் விட்டுக் காட்டவேண்டும், பிறகு நீங்கள் அவர் முன்னாலேயே விடவேண்டும். அப்படிச் செய்யவிடுகிற வாட்டை நான் முதல் தரம் என்று சொல்வேன்.

எந்தப் போத்தல் குளிரில் இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு மிச்சம் இருந்தாலும் எறியவேண்டியதுதான். பக்கத்து வீட்டுக் கண்நோவுக்கு இரவல் கொடுக்கவேண்டாம். மருந்து முடியும்வரை பெட்டியையும் எறியாதீர்கள், தொகுதி இலக்கம் அதில் இருக்கிறது. 2023 இல் இறக்குமதியான ஒரு பிரெட்னிசலோன் சொட்டு மருந்தால் இலங்கையில் வெண்புரை ஒப்பரேஷன் செய்த சிலருக்குக் கண் பாதிக்கப்பட்டு, அந்த மருந்தையே பாவனையிலிருந்து எடுத்தார்கள். அப்படியான நேரத்தில் கையில் பெட்டி இருந்தால்தான் எதையும் உறுதிப்படுத்தலாம்.

மற்றபடி, ஒரு கிழமைக்கு இரவில் மூடி போட்டுப் படுக்கவேண்டும். கண்ணைக் கசக்கக்கூடாது. கிணற்றில் அள்ளுவது, விறகடுப்பு ஊதுவது, சூடு மிதிக்கிற களத்துப் பக்கம் போவது வேண்டாம். குளத்து முழுக்கு, கடல் முழுக்கு டொக்டர் விடும்வரை கிடையாது. டிவி பார்க்கலாம், வாசிக்கலாம், அதனால் ஒன்றும் ஆகாது. கிரந்திச் சாப்பாடு என்று கத்தரிக்காயையும் கணவாயையும் விலக்குவதற்கும் கண்ணுக்கும் சம்பந்தமில்லை. ஆச்சி விலக்கினார், நான் வாதாடப் போகவில்லை.

எப்போது ஓடவேண்டும்

ஒப்பரேஷனுக்குப் பிறகு முதல் நாட்களில் கொஞ்சம் உறுத்தும், நீர் வடியும். நாளுக்கு நாள் அது குறையவேண்டும். நேற்றைவிட இன்று நோ கூடினால், நேற்றுத் தெரிந்த பார்வை இன்று மங்கினால், சிவப்பு ஏறினால், பீழை கட்டினால், இரவென்றும் ஞாயிறென்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். கண்ணுக்குள் கிருமி போவது அபூர்வம். போனால் மணிக்கணக்கில் கண்ணைத் தின்றுவிடும். மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்தாலும், ஒரு பக்கம் திரை இறங்குவதுபோல மறைத்தாலும் அதே அவசரம்தான், அது விழித்திரை. இந்த அடையாளங்களையும், இரவில் எந்த வாட்டுக்கு வரவேண்டும் என்பதையும் வீட்டுக்கு விடும்போதே சொல்கிற இடம் நோயாளியை நினைக்கிற இடம். சொல்லாவிட்டால் கேட்டு எழுதிக்கொண்டே படியிறங்குங்கள்.

நாலு தொடக்கம் ஆறு கிழமையில் கண்ணாடிக்குச் சோதிப்பார்கள். அதற்கு முன் கடையில் கண்ணாடி செய்வது காசுக்குக் கேடு. மாதங்களோ வருஷங்களோ கழித்துத் திரும்பவும் மங்கினால் புரை மறுபடி முளைத்துவிட்டது என்று பயப்படவேண்டாம்; வில்லைக்குப் பின்னாலுள்ள மெல்லிய உறை மங்கியிருக்கும். அதைத்தான் உண்மையில் லேசரால் திறப்பார்கள், சில நிமிட வேலை.

வில்லையின் பெயரும் பவரும் அச்சிட்ட ஒரு ஸ்டிக்கர் கொப்பியிலோ ஒரு அட்டையிலோ ஒட்டித் தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். அடையாள அட்டையோடு ஒரே பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள். அடுத்த கண்ணுக்கு நாள் எடுக்கப் போகிறபோது அதைத்தான் கேட்பார்கள். பெரியப்பாவின் அட்டையை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.